உம்மாவின் கிணறும் கசிந்த காரும்

அஸ்ஸலாமு அலைக்கும், மகன்.

போன வெள்ளிக்கிழமை நீ வாசலில் நின்று இதே ஸலாமைச் சொன்னபோது உன் உம்மா அடுப்படியில் இருந்து எழும்பி வந்து, வந்திருப்பது யார் என்று கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ கவனித்தாயோ தெரியாது. உனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இந்த வீட்டுக்குள் செருப்பை மூலையில் எறிந்துவிட்டு, இன்றைக்குச் சோற்றுக்கு என்ன ஆணம் என்று கேட்டுக்கொண்டுதான் நுழைந்திருக்கிறாய். கலியாணம் முடித்து அக்கரைப்பற்றுக்குப் போன பிறகு வாசலில் நிற்கிறாய், ஸலாம் சொல்கிறாய், உள்ளே வரச் சொல்லும் வரை செருப்போடு காத்திருக்கிறாய். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டில் போய் இருப்பதும் நம் பக்கத்து வழக்கம். ஆண்பிள்ளையைப் பெற்ற எல்லோருக்கும் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வரத்தான் செய்யும்.  நான் உன் முகத்தைப் பார்க்காமல், காருக்கு டயர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

கலியாணத்தன்று உன்னைக் கொண்டுபோய் விடும்போதும் இப்படித்தான் நடந்தது. காருக்குள் நீ என் பக்கம் குனிந்து, "வாப்பா, நீங்க ஒண்டும் சொல்லல்லயே" என்றாய். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் கேட்காமலேயே புத்தி சொல்கிற மனிதன் நான். அன்றைக்கு என் வாயில் வந்தது, பெல்ட்டைப் போடு என்பது மட்டும்தான். பின்னால் இருந்த உன் மாமாமார் எல்லாம் சிரித்தார்கள். அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் புத்தி சொல்லலாம் என்று பேனையை எடுத்தால் உன்னைப் புகழத்தான் வருகிறது. முகத்துக்கு நேரே பிள்ளையைப் புகழக்கூடாது, கண்பட்டுவிடும் என்று உன் உம்மா சொல்வாள். கடிதத்தில் முகம் இல்லை. ஆகவே மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டே புகழப்போகிறேன், நீ பொறுத்துக்கொள்.

நானும் உன்னைப்போல இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். சொந்த ஊர் சம்மாந்துறை, கல்முனைக்குடியில் வாழ்க்கை. இந்த வீடு உன் உம்மாவின் வீடு. இதன் கிணறு அவளுடைய வாப்பா ஆள் வைத்துத் தோண்டி, தானே பக்கத்தில் நின்று கல் கட்டுவித்த கிணறு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இப்படி ஒரு நல்ல தண்ணீர் வேறு எங்கும் இல்லை என்று வந்த முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்தார்கள். உண்மையும் அதுதான். பக்கத்து வீடுகளில் இருந்து குடத்தோடு வருவார்கள். உன் உம்மா குடம் கொடுத்து அனுப்பும் தோரணையைப் பார்த்தால், உலகத்துக்கே அவள்தான் தண்ணீர் கொடுக்கிறாள் என்று நினைப்பாய். மனைவியின் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை அந்த வீட்டுக் கிணற்றைக் குறை சொல்லமாட்டான். அப்படிச் சொன்ன ஒருவனையும் நான் இதுவரை கண்டதில்லை.

சுனாமி வந்த காலையில் நீயும் நானும் வயலில் நின்றோம். வரம்பு உடைந்திருக்கிறது என்று ஆள் சொல்லி அனுப்பியதால் விடிகிற வெள்ளாப்பிலேயே காரில் போனோம், உனக்கு அது நினைவிருக்கும். வீட்டில் உன் உம்மாவும், அவளைப் பார்க்க வந்திருந்த உன் சாச்சியும் இருந்தார்கள். உம்மா அப்போது பாதி கட்டிக் கிடந்த மேல்மாடியில் உடுப்புக் காயப்போட ஏறியிருக்கிறாள். அவளுடைய தங்கச்சி, அதுதான் உன் சாச்சி, கீழே கிணற்றடியில் நின்று ஒரு வாளி இழுத்து, கையால் அள்ளிக் குடித்துவிட்டு, "என்ன இனிப்பு ராத்தா, நம்மட கிணறு" என்று மேலே பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கடல் வந்தது. உன் சாச்சியை மூன்றாம் நாள் அடக்கினோம். இதைப் பற்றி இந்த வீட்டில் நாம் அதிகம் கதைப்பதில்லை. இங்கே நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

அதற்குப் பிறகு கிணற்றை எத்தனை தரம் இறைத்தோம் என்று எனக்கே தெரியாது. பம்ப் வைத்து இறைத்தார்கள், மருந்து போட்டார்கள், மறுபடி இறைத்தோம். ஒரு நாள் உன் உம்மா ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, "சரியாயிட்டு, முந்தின மாதிரித்தான்" என்று சொன்னாள். நானும் ஓம் என்றேன், நீயும் ஓம் என்றாய். சோற்றுக்கும் தேத்தண்ணிக்கும் மட்டும் முதலில் பவுசர் லொறியில் வந்த தண்ணீர், பிறகு குழாய்த் தண்ணீர். ஏன் என்று யாராவது கேட்டால், குழாய் அடுப்படிக்குக் கிட்ட இருக்கிறது, கயிறு இழுக்கக் கை நோகிறது என்பாள். சவர்க்காரம் நுரைக்காவிட்டால் அது சவர்க்காரத்தின் பிழை. பித்தளைச் செம்பு பச்சை பிடித்தால் அது செம்பின் பிழை. கிணற்றின் மேல் ஒரு சொல் விழ நாம் இருவரும் விட்டதில்லை.

இனிக் காருக்கு வருகிறேன். அந்த வெள்ளைக் கார் நம் வீட்டில் நான்காவது ஆள். அதற்கு விடியற்காலையில் தண்ணீர் கொடுப்பது உன் உம்மாவின் பொறுப்பு. சுபஹ் தொழுதுவிட்டு அவள் கிணற்றில் இழுத்து ஒரு பிளாஸ்டிக் கேனை நிரப்பி, பிஸ்மி சொல்லி முன்வாசலில் வைப்பாள். ரேடியேட்டரில் குறைந்திருந்தால் நான் அதில் இருந்து ஊற்றுவேன், மீதி டிக்கியில் கூடவே வரும். எல்லோரும் பச்சைத் தண்ணீர்தான் ஊற்றினார்கள், நாமும் ஊற்றினோம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எனக்குத் தெரிந்தே இருந்தது. பழைய கார், அதற்கும் தாகம் எடுக்கும்தானே என்று விட்டுவிட்டேன்.

நாட்டில் சண்டை முடிந்த வருஷத்தில்தான் உம்மாவின் கண் மோசமானது. சீனி வருத்தம் ஒரு கண்ணை ஏற்கெனவே மங்கலாக்கிவிட்டது. மற்றக் கண்ணுக்குள்ளும் இரத்தம் கசியத் தொடங்கிவிட்டது, லேசர் அடிக்காவிட்டால் இதுவும் போய்விடும் என்று கண்டியில் டொக்டர் சொன்னார். ஒரே தடவையில் முடிகிற வேலையும் இல்லை, அவர் சொல்கிற நாளில் எல்லாம் போய் நிற்க வேண்டும். லேசர் என்ற சொல்லைக் கேட்டதில் இருந்து உன் உம்மாவுக்கு உள்ளூரப் பயம். பஸ்ஸில் போகமாட்டேன், யாருடைய வேனிலும் ஏறமாட்டேன், நம்முடைய காரில் மகன் ஓட்டினால் வருகிறேன் என்று நின்றாள். அவள் பேச்சுக்கு மறுபேச்சு இந்த வீட்டில் எப்போது இருந்தது?

முதல் தடவை போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. மகியங்கனை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் சூடு காட்டும் முள் மேலே போனது, பொனட்டில் இருந்து புகை கிளம்பியது. றோட்டு ஓரத்தில் நிறுத்திக் கேன் தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி புகை. கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாள் குறித்துத் தந்த தாதி, இன்னொரு தரம் பிந்தினால் கண்ணுக்குப் பொறுப்புச் சொல்லமாட்டோம் என்று கண்டித்து அனுப்பினாள்.  உன் உம்மாவோ திரும்பி வரும்போது மகியங்கனையில் அவித்த சோளம் வாங்கித் தின்றுகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷமாக வந்தாள். கார் தன்னை லேசரில் இருந்து காப்பாற்றிவிட்டது என்ற சந்தோஷம் அது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. கார் இன்னொரு தரம் நின்றால் அவள் மறுபடி கண்டிக்கு வரமாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே மெக்கானிக் பாஸ் ரேடியேட்டர் மூடியை மாற்றினார், ஹோஸ் குழாய்களை மாற்றினார், கிளிப்புகளை இறுக்கினார். தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது, ஆனால் காருக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, இது கடல் குடித்த கார், உள்ளே கேஸ்கட் போயிருக்கும், எஞ்சினை இறக்கிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், மாதம் பிடிக்கும் என்றார். அந்தக் காலத்தில் நம் கரையில் எந்த வாகனத்துக்கு எது பிடித்தாலும் சுனாமி என்றுதான் சொல்வார்கள். நான் கத்தினேன். என் கார் கடலைக் காணவே இல்லை என்று நான் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னால், உன் உம்மா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "விடுங்க. அல்லாஹ் வெச்சது எவ்வளவோ அவ்வளவு போதும்" என்றாள். மார்க்கத்தைச் சொன்னால் நான் வாய் திறக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

நீ அப்போது போன் திருத்தும் கடையில் வேலைக்கு இருந்தாய். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாய்: "வாப்பா, எஞ்சின இப்ப இறக்க வேணாம். எங்க கசியிதெண்டு பொறகு தேடுவம். எப்ப கசியிதெண்டு முதல்ல பாப்பம்." உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது. தண்ணீர் போகிற கார் எப்போதும் போகும், இதில் என்ன எப்போது என்று நினைத்தேன். உன் கடையில் நீ ஒரு போனை அப்படியே மேசையில் போட்டு, சூடாகும் வரை பார்த்துக்கொண்டு இருப்பாயாம். சூட்டில் மட்டும் காட்டுகிற பழுது, குளிரில் திறந்து பார்த்தால் அகப்படாது என்று உன் முதலாளி பிறகு எனக்குச் சொன்னார்.

நீ செய்ததை எல்லாம் நான் கதிரையில் இருந்து பார்த்தேன். இரவு காரின் அடியில் மட்டை விரித்தாய், காலையில் அது காய்ந்தபடி கிடந்தது. உள்ளே காலடி விரிப்பைத் தூக்கித் தடவிப் பார்த்தாய், ஈரம் இல்லை. எஞ்சின் எண்ணெயைத் தொட்டுப் பார்த்தாய், தண்ணீர் கலந்த வெளிறல் இல்லை. கேஸ்கட் போயிருந்தால் இதில் ஒன்றாவது காட்டியிருக்கும் என்று அமைதியாகச் சொன்னாய். கல்முனைக்குள்ளே ஓட்டினாய், சாய்ந்தமருது வரை போய் வந்தாய், தண்ணீர் அப்படியே இருந்தது. நானாக இருந்தால் அன்றே கோபத்தில் காரை உதைத்திருப்பேன். நீ ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்து கேட்டாய்: "வாப்பா, சண்டைக் காலத்துல இந்தக் கார் நிக்காம ஓடின தூரம் எவ்வளவு?"

நான் யோசித்தேன்.  அம்பாறைக்குப் போனால் வழியில் சோதனைச் சாவடி. பொத்துவிலுக்குப் போனால் காரைதீவில் இருந்து எத்தனை சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்க வேண்டும், அடையாள அட்டையை நீட்ட வேண்டும், எஞ்சினை நிறுத்திப் பொனட்டைத் திறந்து காட்ட வேண்டும், முன்னால் நிற்கும் பஸ் முடியும் வரை வெயிலில் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். கார் நம்மோடு சேர்ந்து நின்று நின்று, ஆறி ஆறித்தான் வருஷக்கணக்காக ஓடியிருக்கிறது. தடையில்லாமல் ஒரே மூச்சில் அது ஓடிய முதல் நாள், உம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போன நாள்தான். சமாதானம் வந்ததால்தான் பழுது வெளியே வந்தது என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மயிர்க்கூச்சும் எடுத்தது. அந்தச் சாவடிகளில் உன்னைவிட அதிகம் நின்றவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை.

அடுத்த நாள் பொத்துவில் வரை எங்கும் நிற்காமல் ஓட்டினாய். அங்கே ஆறவிட்டுத் திறந்தால் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. அதற்கு மறுநாள் மறுபடியும் பொத்துவில். இந்தத் தடவை, முன்பு சாவடி இருந்த ஒவ்வோர் இடத்திலும் நிறுத்த வேண்டும் என்றாய். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தேன். ஆள் இல்லாத மண்மூட்டைகள், துருப்பிடித்த பீப்பாய்கள், அவற்றின் முன்னால் நம் கார் மரியாதையாகப் போய் நிற்கிறது. நீ இறங்கிப் பொனட்டைத் திறந்துவிட்டு நிழலில் நின்றாய். என் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துவிட்டது. நீ அதைப் பார்த்தாய், ஆனால் சிரிக்கவில்லை. அந்த நேரம் நீ சிரிக்காமல் இருந்ததற்காக உன்னை நான் இன்றைக்கும் துஆவில் நினைக்கிறேன்.

திருக்கோவில் பக்கத்தில் வெள்ளரிப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனிதர் நம்மையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கிட்ட வந்தார். "ஏன் தம்பி நிக்கிறீங்க? இப்ப இஞ்ச ஒருத்தரும் மறிக்கிறல்லயே" என்றார். நீ காரின் வருத்தத்தை அவருக்கு முழுமையாக எடுத்துச் சொன்னாய். அவர் கேட்டு முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்த மண்மூட்டைகளைப் பார்த்தார். தன்னுடைய மகனையும் இந்த இடத்தில்தான் பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று சொன்னார்.  ஒரு வெள்ளரிப்பழத்தை எடுத்து உன் கையில் தந்துவிட்டுப் போனார், காசு வாங்க மறுத்துவிட்டார். அன்று நாம் பொத்துவில் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை.

எப்போது என்று தெரிந்துவிட்டது. எங்கே என்று பார்ப்பதற்கு நீ செய்த வேலையைத்தான் நான் பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஜும்ஆவுக்குப் போடும் வெள்ளைச் சட்டைகளுக்கு உம்மா வைத்திருந்த நீலத்தை எடுத்துத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினாய். நீலம் எங்கே என்று அவள் வீடு முழுவதும் தேடினாள். காருக்கு ஊற்றியதைக் கேட்டதும், "வெள்ளக் காருக்குமா நீலம் போடுற?" என்று கத்தினாள். மறுபடி ஒரே ஓட்டமாக ஓட்டி, ஆறவிட்டு, அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியை ஒரு கம்பியில் கட்டி எஞ்சினுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தாய். எனக்கும் காட்டினாய். எஞ்சின் உடம்பில், கண்ணுக்கு எட்டாத பின்பக்கத்தில், ஒரு பெரிய காசு அளவில் வட்டமாக ஒரு தகட்டு மூடி. அதன் விளிம்பில் இருந்து மயிர்போல ஒரு நீலக்கோடு. சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் அந்த ஊசித்துளை வழியாகத் தண்ணீர் சீறுகிறது. சீறுகிற தண்ணீர் பக்கத்தில் கொதிக்கும் புகைக்குழாயில் பட்டு ஆவியாகிப் போகிறது. பிறகு எப்படி மட்டையில் சொட்டும்?

பாஸைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் நல்ல மனிதர், பிழையை ஒத்துக்கொண்டு உன் தோளில் தட்டினார். எஞ்சினை இறக்காமலே பின்னால் கைவிட்டு, அரை நாளில் அந்த மூடியைக் கழற்றி எடுத்தார். உள்பக்கம் முழுதும் துரு தின்று, தகடு கடதாசிபோல மெலிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது உப்புத் தண்ணி குடிச்ச எஞ்சின்தான் தம்பி. நீங்க கடல் தொடல்ல எண்டு சொல்றீங்க, அப்ப இந்த உப்பு எங்கால வந்த?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் முன்வாசலைப் பார்த்தேன். அங்கே அன்று விடியற்காலையில் உம்மா நிரப்பி வைத்த கேன், மூடி இறுக்கி, சுத்தமாகத் துடைத்து இருந்தது.

இனி என்ன செய்வது? புது மூடி போட்டாயிற்று, ஆனால் அதே தண்ணீரை ஊற்றினால் இதே கதை திரும்பவும் வரும். கண்டிக்குப் போகிற நாளும் கிட்ட வந்துவிட்டது. உம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். நான் ஒரு பொய்யை ஆயத்தமாக்கினேன். இனி கராஜில் தருகிற பச்சை நிற மருந்துத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அது கம்பெனிக்காரன் சொன்னது என்று சொல்லிவிடலாம், கேனைப் பூச்செடிக்கு ஊற்றிவிடலாம் என்றேன். நீ தலையை ஆட்டினாய். "வாப்பா, உம்மாக்கு ஒரு கண்ணுதான் மங்கல். புத்தி மங்கல் இல்ல" என்றாய். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, அதே நேரம் பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் கூட.

அஸர் தொழுதுவிட்டு அவள் கிணற்றடியில் இருக்கும்போது நீ போய்ப் பக்கத்துக் கல்லில் குந்தினாய். நான் அடுப்படி யன்னலில் நின்றேன், ஒளிந்து நின்றேன் என்றே வைத்துக்கொள். அந்தத் தகட்டு மூடியை நீ அவள் கையில் கொடுத்தாய். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள், சரியாகத் தெரியாததால் விரலால் தடவினாள், விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தேய்த்துப் பார்த்தாள். இது எங்கே இருந்தது என்று கேட்டாள். சொன்னாய். இந்த உப்பு எப்படி வந்தது என்று அவளே கேட்டாள். அந்த இடத்தில் நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

"கிணத்துல பிழ இல்ல, உம்மா" என்று நீ சொன்னாய். "கடல் வந்திட்டுப் போனது. கிணறு எங்க போற? அது நிண்ட இடத்துலயே நிண்டு எல்லாத்தையும் வாங்கினது. உள்ளுக்குப் போன உப்பு வெளிய வர இன்னும் காலம் எடுக்கும்."

அவள் எழும்பி, வாளியை இறக்கி, கயிற்றை இழுத்தாள். நீ உதவப் போகவில்லை, அதையும் நான் கவனித்தேன். கையால் அள்ளி ஒரு மிடறு குடித்தாள். வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு விழுங்கினாள். "உப்புத்தான்" என்றாள். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மகன், சுனாமிக்குப் பிறகு அவள் அழுததை நான் கண்டதே இல்லை. தங்கச்சியின் மையித்து வீட்டில்கூட அவள் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டுதான் திரிந்தாள். அழுது அழுது, கடைசியில் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உன்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்ட தங்கச்சி குடிச்ச தண்ணி இனிப்புத்தான்." நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் உம்மா, அது இனிப்புத்தான்" என்றாய். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே இடத்தில் குந்தியிருந்து சொல்லுகிற தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்து வரவில்லை, அது மட்டும் நிச்சயம்.

கண்டிக்குப் போன நாளில் அவள் தானே முன்சீட்டில் ஏறி இருந்தாள். மலை ஏறும்போது நான் பின்னால் இருந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன், அது நடுவில் படுத்துக் கிடந்தது. லேசர் அறைக்குள் போக அவளுக்கு அப்போதும் பயம்தான். ஆனாலும் போனாள். வெளியே நின்ற என்னிடம், மகன் உள்ளதை உள்ளபடி சொல்கிறவன், நோகாது என்று சொல்லியிருக்கிறான், அதனால் நோகாது என்று சொல்லிவிட்டுத்தான் கதவைத் தாண்டினாள். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் போய் வந்தோம், ஒரு தரமும் கார் நிற்கவில்லை. அந்தக் கண் இன்றைக்கும் பார்க்கிறது. உன் கலியாணத்தில் நீ தலைப்பாகை வைத்ததை அந்தக் கண்ணால்தான் பார்த்து, கோணலாக இருக்கிறது என்று திருத்தினாள்.

புத்தி சொல்ல வந்தேன் அல்லவா? நீ போய் இருக்கும் வீட்டிலும் ஒரு கிணறு இருக்கும். கிணறாக இல்லாவிட்டால் மாமியாரின் சமையலாக இருக்கும், மாமாவின் பழைய கதையாக இருக்கும், உன் மனைவி ஒருவரையும் தொடவிடாத ஒரு அலுமாரியாக இருக்கும். அவற்றுக்கு முன்னால் நான் இத்தனை வருஷம் ஓம் ஓம் என்று சொல்லியே காலத்தைக் கடத்தினேன். சண்டை இல்லாமல் வாழ்ந்தேன், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நீ என்னைப்போல இருக்க வேண்டாம். எங்கே பிழை என்று பாயாமல், எப்போது என்று பார்த்துக்கொண்டு இருந்தாயே, அந்தப் பொறுமையை அங்கேயும் கொண்டுபோ. உன் மனைவி கோபப்பட்டால், எந்த இடத்தில் நிற்காமல் ஓடியதால் சூடாகிப் போனாள் என்று யோசி. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும் என்று வந்தால், பக்கத்தில் குந்திச் சொல். வாளியை அவளே இழுக்கட்டும்.

இந்தக் கடிதத்தை எழுதக் காரணம் ஒன்று இன்னும் இருக்கிறது. இந்த வருஷம் மாரி நன்றாகப் பெய்து கிணறு வாய் வரை வந்துவிட்டது. இன்று காலை சுபஹுக்குப் பிறகு உன் உம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு ஒரு கோப்பையை நீட்டினாள். குடித்தேன். எப்படி என்று கேட்டாள். இனிப்புத்தான் என்றேன். இந்தத் தடவை உண்மையிலேயே எனக்கு அப்படித்தான் இருந்தது, அல்லாஹ் அறிய. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க எப்பவும் இப்படித்தான் சொல்லுவீங்க" என்றாள். கோப்பையை என் கையில் இருந்து வாங்கி, மூக்குப்போணியில் புதிதாகத் தண்ணீர் எடுத்து, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, உன் பழைய அறை யன்னலில் வைத்திருக்கிறாள். மகன் வந்து குடித்துச் சொல்லட்டும் என்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. வாசலில் நிற்காதே, நேரே உள்ளே வா.